மற்ற வீட்டை யார் பார்ப்பது?

(திருகோணமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



திருகோணமலையில் தொழில் செய்யும் ஒரு சட்டத்தரணிக்கு வெளிநாட்டிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் முக்கால்வாசி காணி பற்றியவை. உவர்மலையில் ஒரு துண்டு, பாலையூற்றில் ஒரு வளவு, அண்ணன் தம்பி பிணக்கு. மிச்சத்தில் பெரும்பகுதி பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை. இடைக்கிடை வேறொரு வகை அழைப்பு வரும். நெடுநேரம் சுகம் விசாரிப்பார்கள். கோணேசர் கோயில் கொடியேற்றம் எப்போது என்று கேட்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணை, நாங்கள் ஒரு பிள்ளையை எடுக்கலாம் எண்டு இருக்கிறம்" என்பார்கள்.

அதற்கடுத்து வருவது அநேகமாக ஒரு முறைப்பாடு. "இஞ்சை ஹோம் ஸ்ரடி எண்டு ஒண்டு செய்யினம். எங்கட வீட்டைப் பாக்கினமாம், சம்பளத்தைப் பாக்கினமாம், நாங்கள் சின்னனிலை அடி வாங்கினமோ எண்டும் கேக்கினம். பெத்தவைக்கு ஆர் அண்ணை இந்தச் சோதினை வைச்சது?"

நியாயமான கேள்விதான். பெற்றவர்களுக்கு யாரும் சோதனை வைப்பதில்லை. அந்தப் பிள்ளையை அவர்களிடம் எந்த அரசும் கொடுக்கவில்லை. மகவேற்பில் அப்படியல்ல. இரண்டு அரசுகளும் ஒரு நீதிமன்றமும் சேர்ந்து ஒரு குழந்தையைத் தூக்கி ஒருவர் கையில் கொடுக்கின்றன. கொடுப்பவனுக்குப் பொறுப்பு இருக்கிறது. ஆகவே அந்த முறைப்பாட்டுக்கு நான் தரும் பதில் சுருக்கமானது: பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். இன்றைக்கு நான் பேச வந்தது அதற்கு அப்பால் உள்ள ஒரு கேள்வியைப் பற்றி. பிள்ளை போய்ச்சேரும் வீட்டை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறோமே, பிள்ளை புறப்படும் வீட்டை யார் பார்க்கிறார்கள்?

முதலில், போய்ச்சேரும் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஸ்காபரோவில் இருக்கும் ஒரு திருகோணமலைத் தம்பதியை வைத்துக்கொள்வோம். கணவருக்கு நாற்பது தாண்டிவிட்டது, மனைவிக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்ராறியோ மாகாணத்தில் அவர்கள் முதலில் 'பிறைட்' என்ற பயிற்சி வகுப்புக்குப் போகவேண்டும். மொத்தம் 27 மணித்தியாலம். தத்தெடுத்த பிள்ளையின் இழப்பு என்றால் என்ன, நிறம் வேறுபட்ட ஊரில் வளரும் பிள்ளைக்கு என்ன வரும், பெற்ற தாயைப் பற்றி எப்போது எப்படிச் சொல்வது என்பதெல்லாம் பாடம். பிறகு மாகாண அரசின் அங்கீகாரம் பெற்ற சமூகப்பணியாளர் வீட்டுக்கு வருவார். ஒருமுறையல்ல, பலமுறை. இருவரையும் சேர்த்து வைத்துப் பேசுவார், தனித்தனியாகவும் பேசுவார். வீட்டில் மாமியார் இருந்தால் அவருடனும் பேசுவார்.

புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, மருந்துப் பெட்டி பூட்டப்பட்டிருக்கிறதா, நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவர் யார் என்று பார்ப்பதைத்தான் நம்மவர்கள் 'வீடு பாக்கிறது' என்று நினைக்கிறார்கள். அது அரைநாள் வேலை. மருத்துவச் சான்று, வருமானச் சான்று, உறவினரல்லாதவர்களின் பரிந்துரைக் கடிதங்கள், சிறுவர் பாதுகாப்புப் பதிவுகளில் பெயர் இல்லையென்ற உறுதிப்படுத்தல் ஆகியவை தாள் சேர்க்கும் வேலை. பொலிஸ் அறிக்கை மட்டும் நம்மவர்களுக்குக் கொஞ்சம் கரடுமுரடானது. வாழ்ந்த நாடு ஒவ்வொன்றிலிருந்தும் கேட்பார்கள். ஊரிலிருந்து கனடாவுக்கு நேரே போனவர் எத்தனை பேர்? மண்டபம் முகாம், பிறகு சென்னை, பிறகு ஜேர்மனி, பிறகு கனடா என்று போனவருக்கு ஒரு வாழ்க்கையில் நாலு பொலிஸ் அறிக்கை.

இங்கிலாந்திலும் இதே கதைதான், ஒழுங்கு மட்டும் வேறு. அங்கே இரண்டு கட்டம், இரண்டு மாதமும் நான்கு மாதமுமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், கடைசியில் ஒரு குழு கூடித் தகுதியைப் பரிந்துரைக்கும். கணக்குப்படி முடிவது குறைவு.

கடினமான பகுதி இவை எதுவுமல்ல. சமூகப்பணியாளர் கதிரையில் உட்கார்ந்து, "உங்கள் சிறுவயதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்கும் இடம்தான் கடினம். அப்பா எப்படித் தண்டிப்பார்? வீட்டில் குடி இருந்ததா? நீங்கள் வன்முறையைக் கண்டிருக்கிறீர்களா? நெருங்கிய ஒருவரை இழந்திருக்கிறீர்களா? அந்த இழப்பிலிருந்து எப்படி எழுந்தீர்கள்?

1983ஐயும் 1985ஐயும் 1990ஐயும் இந்த ஊரில் இருந்து கண்ட ஒருவர், 'வன்முறையைக் கண்டிருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதுகிறார். பொய் சொல்லவேண்டும் என்று எழுதுவதில்லை. எங்களுடைய பழக்கம் அப்படி. கையில் கோப்புடன் படலையைத் தட்டியவர் யாரும் எங்கள் நன்மைக்காக வந்ததில்லை என்பது அந்தத் தலைமுறையின் அனுபவம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற படிவத்தைப் பொலிசுக்குக் கொடுத்துவிட்டு, இரவில் வந்து ஆட்களை எண்ணிப் பார்த்தபோது படிவமும் ஆட்களும் பொருந்தவேண்டுமே என்று நடுங்கியிருந்தவர்கள் நாங்கள். குறைவாகச் சொல்வது, கேட்டதற்கு மட்டும் சொல்வது, ஒன்றுமில்லை என்று சொல்வது. அதுதான் எங்களை உயிரோடு வைத்திருந்த கல்வி.

அந்தக் கல்வி இந்த ஆய்வில் எதிராகத் திரும்புகிறது. ஊரை விட்டு ஓடிய ஒருவர் தன் வாழ்க்கையில் துன்பமே இல்லை என்று சொன்னால், அனுபவமுள்ள சமூகப்பணியாளர் அதைத்தான் குறித்துக்கொள்வார். துன்பம் இருந்தது தகுதிக் குறைவு அல்ல. அதைப் பற்றிப் பேச முடியாதிருப்பதுதான் அவருக்குக் கவலை. நாளைக்கு அந்தப் பிள்ளை, "என்னை ஏன் விட்டார்கள்?" என்று கேட்கும்போது, தன் இழப்பைப் பற்றிப் பேசத் தெரியாத தகப்பன் என்ன பதில் சொல்வார்? தொலைபேசியில் கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்ததைச் சொல்லுங்கள். தம்பி காணாமல் போனதைச் சொல்லுங்கள். இது சீனக்குடாச் சோதனைச்சாவடி அல்ல.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சபை பொறுத்துக்கொள்ளவேண்டும். எப்படிப்பட்ட பிள்ளையை ஏற்க ஆயத்தம் என்று ஆய்வில் கேட்பார்கள். வயது, உடல்நலம், சகோதரர்கள் சேர்ந்து வந்தால் சம்மதமா என்பன போன்றவை. அங்கே நம்மவர்கள் 'எந்தப் பிள்ளை என்றாலும் சரி' என்று பெருந்தன்மையாக எழுதிவிட்டு, என்னிடம் தொலைபேசியில், "அண்ணை, எந்த ஆக்கள் எண்டு விசாரிக்கேலாதோ?" என்று கேட்கிறார்கள். வெள்ளையாகப் பிள்ளை இருக்குமா, பிறந்த நட்சத்திரம் தெரியுமா என்றும் கேட்கிறார்கள். இப்படிக் கேட்பவர்களுக்குப் பிள்ளை கிடைக்காமல் இருப்பது பிள்ளையின் அதிர்ஷ்டம் என்று எனக்குத் தோன்றும். தொழில் தர்மம் கருதி அதைச் சொல்லாமல், சட்டத்தை மட்டும் சொல்வேன். பிள்ளையைத் தெரிவது விண்ணப்பதாரர் வேலை அல்ல. 1992ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, வெளிநாட்டு விண்ணப்பதாரருக்கான பிள்ளையைத் தெரிவது நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் ஆணையாளர். அரச பொறுப்பேற்கும் இல்லத்திலோ பதிவுசெய்யப்பட்ட சிறுவர் இல்லத்திலோ இருக்கும் பிள்ளைதான் போகமுடியும்.

இங்கே உடனே ஒரு குரல் எழும்பும். "நாங்கள் அந்நியப் பிள்ளையைக் கேக்கேல்லை. திருக்கடலூரிலை இருக்கிற என்ரை அக்காவின்ரை மூண்டாவது பிள்ளை. அக்காவும் தாறன் எண்டு சொல்லிட்டா. இதுக்கும் இவ்வளவு கோப்பா?"

ஆம், இதற்கும் கோப்புத்தான். வெளிநாட்டு மகவேற்புப் பற்றிய ஹேக் உடன்படிக்கை உறவினர் மகவேற்புக்கும் விலக்குக் கொடுக்கவில்லை. பெற்ற தாயும் எடுக்கும் தாயும் முன்கூட்டியே பேசிக்கொள்ளக்கூடாது என்ற அதன் 29ஆம் உறுப்புரை மட்டும் குடும்பத்துக்குள் நடக்கும் மகவேற்புக்குத் தளர்வு தருகிறது. கனடாவின் குடிவரவு விதிகளும் ஒரு கேள்வி கேட்கும்: இது பிள்ளைக்குப் பெற்றோரைத் தேடும் ஏற்பாடா, பிள்ளைக்கு விசாவைத் தேடும் ஏற்பாடா? அக்காவின் பிள்ளைக்கு அக்காவே நல்ல தாயாக இருக்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

எங்களுடைய பழைய ஏற்பாடுகள் வேறு மாதிரி. பெரியம்மா வளர்ப்பார், அம்மம்மா வளர்ப்பார். தாளும் இல்லை, மையும் இல்லை. நோயாளிப் பிள்ளையைக் கோயிலுக்கு விற்று, காசு கட்டித் திரும்ப வாங்கும் நேர்த்தி இன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் சுவீகாரத்துக்கு மஞ்சள் தண்ணீர்ச் சடங்கு இருந்தது. வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். தேசவழமையை 1707இல் எழுத்தில் தொகுத்தவர் கிளாஸ் ஐசக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி. அந்தச் சடங்கில் கேட்கப்பட்டது யாருடைய சம்மதம் என்று கவனியுங்கள். சகோதரர்களுடையது, உரித்தாளர்களுடையது. காணி கைமாறப்போகிறதே என்ற கவலை. பிள்ளையைப் பற்றிய விசாரிப்பு அதில் மிகக் குறைவு.

1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம் அந்த விசாரிப்பைக் கொண்டுவந்தது. மாவட்ட நீதிமன்றம் பிள்ளையின் நலனைப் பார்க்கவேண்டும். பத்து வயது தாண்டிய பிள்ளையின் சம்மதம் வேண்டும். எடுப்பவருக்கு 25 வயது நிரம்பியிருக்கவேண்டும், பிள்ளையை விடப் பொதுவாக 21 வயதாவது மூத்தவராக இருக்கவேண்டும். நீதிமன்ற அனுமதியின்றி இதன் பொருட்டுக் காசு கைமாறக்கூடாது. நல்ல சட்டம். ஆனால் நல்ல சட்டம் கையில் இருக்கும்போதே எங்கள் நாட்டில் நடந்தது என்ன என்பதைச் சொல்லத்தான் ஒல்லாந்தரை இங்கே இழுத்துவந்தேன்.

தேசவழமையை எழுதிவைத்த ஒல்லாந்தரின் நாட்டுக்கு, இருநூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, இலங்கையிலிருந்து குழந்தைகள் போகத் தொடங்கினார்கள். எழுபதுகளின் இறுதியும் எண்பதுகளும்தான் உச்சம். சுவிற்சர்லாந்துக்கும் சுவீடனுக்கும் பிரித்தானியாவுக்கும் போனார்கள். 2017இல் 'செம்ப்லா' என்ற ஒல்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, எண்பதுகளில் ஐரோப்பாவுக்குப் போன இலங்கைக் குழந்தைகள் சுமார் 11,000 என்று சொன்னது. குழந்தைப் பண்ணைகள் என்று அழைக்கப்பட்ட வீடுகள் இருந்தன. பிரசவத்துக்கு முன்பே பேரம் பேசப்பட்டது. இவற்றில் எனக்கு, ஒரு சட்டத்தரணி என்ற முறையில், தூக்கம் கெடுக்கும் விடயம் ஒன்று உண்டு. நீதிமன்றத்தில் தாயாக நிற்பதற்குக் காசு கொடுத்து வேறு பெண்களைக் கூட்டிவந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் கூண்டில் நிற்கிறாள். 'இது உன் பிள்ளையா?' 'ஆம்.' 'கொடுக்கச் சம்மதமா?' 'சம்மதம்.' கையொப்பம். அவ்வளவுதான். 1987இல் விடயம் அம்பலமாகி வெளிநாட்டு மகவேற்பைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். செம்ப்லா நிகழ்ச்சிக்குப் பிறகு அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன பண்ணைகள் இருந்ததை ஒப்புக்கொண்டு, மரபணு வங்கி அமைப்பதாகச் சொன்னார்.

நெதர்லாந்தில் யூஸ்த்ரா குழு 2021 பெப்ரவரி 8ஆம் திகதி அறிக்கை கொடுத்தது. இலங்கை, இந்தோனேசியா, பங்களாதேஷ், பிரேசில், கொலம்பியா ஆகிய ஐந்து நாடுகளை ஆராய்ந்த குழு அது. முறைகேடுகள் கட்டமைப்பிலேயே இருந்தன, அரசு தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்றது. அன்றே அமைச்சர் மன்னிப்புக் கேட்டார், வெளிநாட்டு மகவேற்பு இடைநிறுத்தப்பட்டது. பின்னர் படிப்படியாக முற்றாக நிறுத்துவதென்று முடிவாயிற்று. சுவிற்சர்லாந்து 2020 டிசெம்பரில் இலங்கைக் குழந்தைகள் விடயத்தில் வருத்தம் தெரிவித்தது. 2025 சனவரியில் வெளிநாட்டு மகவேற்பையே தடைசெய்யப் போவதாக அறிவித்தது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அந்த ஒல்லாந்துக் குடும்பங்களின் வீடுகள் பார்க்கப்படவில்லையா? பார்க்கப்பட்டன. அங்கே சிறுவர் பாதுகாப்புச் சபை என்ற அரச அமைப்பு உண்டு. அதன் உத்தியோகத்தர்கள் வீட்டுக்குப் போய், பேசி, அறிக்கை எழுதி, அதன்மேல்தான் கொள்கையளவிலான அனுமதி கொடுக்கப்பட்டது. அந்தப் பெற்றோரில் பெரும்பாலானோர் நல்ல மனிதர்கள். தங்கள் கோப்பில் எல்லாம் சரியாக இருந்ததால் மற்றக் கோப்பிலும் எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பினார்கள். மற்றக் கோப்பு ஒற்றைத் தாள்.

கிழக்கிலே வடமோடிக் கூத்தில் கர்ணன் போர் ஆடுவார்கள். குந்தி மகனைத் தேடி வரும் கட்டத்தில் சனம் விம்மும். ஆற்றில் பெட்டியை விட்டவள் மேல் கோபம் வருவதற்குப் பதிலாக, அவளை அந்த இடத்துக்குத் தள்ளியது எது என்ற நினைப்பில் அழுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அழுவாள். கொழும்புக் கோப்புகளில் குந்திக்கு ஒரு பக்கம் கூட ஒதுக்கப்படவில்லை.

1993இல் எழுதப்பட்ட ஹேக் உடன்படிக்கை இந்தக் குறையைக் கண்டுதான் எழுதப்பட்டது. மெக்சிக்கோ, ருமேனியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் ஒப்புதலோடு அது 1995 மே 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. முதல் மூன்றில் நாங்கள் ஒன்று. சட்ட மாணவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்காக மட்டுமல்ல. அதன் 15ஆம் உறுப்புரை எடுக்கும் பெற்றோர் பற்றிய அறிக்கையைச் சொல்கிறது: யார், தகுதி என்ன, பின்னணி, உடல்நலம், சூழல், ஏன் எடுக்கிறார்கள். 16ஆம் உறுப்புரை பிள்ளை பற்றிய அறிக்கையைச் சொல்கிறது: யார், மகவேற்புக்குரிய நிலையில் இருக்கிறதா, குடும்ப வரலாறு, குடும்பத்தின் மருத்துவ வரலாறு, சமூகச் சூழல், இனம், மதம், பண்பாடு. இரண்டும் அடுத்தடுத்து, சம உயரத்தில் நிற்கின்றன. இவற்றுக்கு முன்னே 4ஆம் உறுப்புரை நிற்கிறது. சொந்த நாட்டுக்குள் பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறதா என்று முறையாகப் பார்த்த பிறகே வெளிநாடு. தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பிறகே எடுக்கப்படவேண்டும், விளைவு என்ன என்பதை அவளுக்கு விளக்கியிருக்கவேண்டும், காசு காட்டி வாங்கியிருக்கக்கூடாது.

அதாவது, இரண்டு வீட்டு ஆய்வுகள். ஒன்று ஸ்காபரோவில், மற்றது மூதூரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் முதலாவதற்கு வகுப்பு, பல சந்திப்பு, தடித்த அறிக்கை. இரண்டாவதற்கு? ஒரு நன்னடத்தை உத்தியோகத்தர், கை கொள்ளாத வழக்குகள், மாதத்தில் பாதி நாள் நீதிமன்றம், ஏதாவது வாகனம் கிடைத்தால் ஒரு கிராமப் பயணம். அவர்களைக் குறை சொல்லவில்லை. இந்த மாவட்டத்தில் நான் மதிக்கும் உத்தியோகத்தர்களில் சிலர் அந்தத் திணைக்களத்தில் இருக்கிறார்கள். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு நன்னடத்தை மாகாணத்தின் கையில், ஹேக் உடன்படிக்கையின் மத்திய அதிகாரம் கொழும்பின் கையில். இடையில் ஒரு தாயின் வீடு இருக்கிறது.

அந்த வீட்டைப் பார்க்க அரசுக்கு ஆள் இல்லை, நேரம் இல்லை என்று சொல்வார்கள். இதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 2013இலிருந்து வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போக விரும்பிய ஒவ்வொரு பெண்ணுக்கும் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. கிண்ணியாவிலும் மூதூரிலும் தோப்பூரிலும் இதை அறியாத வீடு இல்லை. கிராம உத்தியோகத்தரிடம் போகவேண்டியிருந்தது, பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர்கள் விசாரித்தார்கள், புருஷன் கையொப்பம் வைக்கவேண்டியிருந்தது, பிள்ளையை யார் பார்ப்பது என்று எழுதிக்கொடுக்கவேண்டியிருந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகவே முடியாதிருந்தது. பொருளாதாரம் விழுந்து டொலர் தேவைப்பட்டபோது, 2022இல், அந்தத் தடை தளர்த்தப்பட்டது.

இதுவும் ஒரு ஹோம் ஸ்ரடிதான். தாய் இரண்டு வருடம் சவூதிக்குப் போவதைத் தடுப்பதற்கு நாடு முழுக்க ஏழைப் பெண்களின் வீட்டுக்குள் அரசால் போகமுடிந்தது. உத்தியோகத்தர் இருந்தார், படிவம் இருந்தது, கையொப்பங்கள் இருந்தன. பிள்ளை ஒரேயடியாகப் போகும் விடயத்தில் மட்டும் ஆள் இல்லையா? போன முறை அரசு அந்த வீட்டுக்குப் போனது 'நீ போகக்கூடாது' என்று சொல்வதற்கு. அடுப்பில் என்ன இருக்கிறது, அஸ்வெசும உதவிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, பிள்ளையை இந்த வீட்டிலேயே வைத்திருக்க என்ன வேண்டும் என்று கேட்பதற்கும் அதே பாதையால், அதே கிராம உத்தியோகத்தரோடு போகலாம்.

இது உணர்ச்சிப் பேச்சு அல்ல. எங்கள் நாட்டுச் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பான்மையினருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். 'அனாதை இல்லம்' என்று பலகை எழுதிவைத்து, பிறந்தநாளுக்குச் சாப்பாடு கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். சாப்பாடு கொடுப்பதில் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் அனாதைகள் அல்லர். வறுமை, பள்ளிக்கூடத் தூரம், தாயின் மறுமணம், தகப்பனின் குடி, தாய் வெளிநாடு. இவைதான் அவர்களை இல்லத்துக்குக் கொண்டுவந்தவை. இவற்றில் சிலவற்றை ஒரு துவிச்சக்கரவண்டியும் மாதம் கொஞ்சப் பணமும் தீர்த்துவிடும். சிலவற்றை எதுவும் தீர்க்காது. அந்தப் பிள்ளைக்குப் புதிய வீடு வேண்டும், ஸ்காபரோ என்றாலும் சரி. எது எது என்று தெரிய வேண்டுமென்றால் வீட்டைப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். வெளிநாட்டு மகவேற்பே வேண்டாம் என்று கதவைச் சாத்திய நாடுகளின் வழியை நான் பரிந்துரைக்கவில்லை. கதவைச் சாத்துவது அவர்களுக்குச் சுலபம், பிள்ளை இருப்பது எங்கள் பக்கத்தில்.

சுனாமிக் காலத்தில் இதை நாங்கள் சரியாகச் செய்தோம் என்பதையும் சொல்லவேண்டும். 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு உலகம் முழுவதிலுமிருந்து, 'பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தாருங்கள்' என்று கேட்டார்கள். கிண்ணியா வைத்தியசாலையே கடலோடு போயிருந்த நேரம். அரசு அந்தப் பிள்ளைகளின் மகவேற்பை நிறுத்தியது, 2005இல் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. பெரும்பாலான பிள்ளைகளைச் சித்தப்பா, பெரியம்மா, அம்மம்மாதான் எடுத்தார்கள். கல்முனை ஆதார வைத்தியசாலையில் 81ஆவதாக அனுமதிக்கப்பட்டதால் அந்த இலக்கத்தாலேயே அறியப்பட்ட கைக்குழந்தையை நினைவிருக்கும். பெற்றவர்கள் நீதிமன்றம் போய், 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனையால் நிரூபித்த பிறகே பிள்ளை அவர்கள் கைக்கு வந்தது. வெள்ளம் பறித்த பிள்ளையைத் திரும்பப் பெற ஒரு தாய் பரிசோதனை செய்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கு இருபது வருடத்துக்கு முன் கொழும்பில் ஒரு வேற்றுப்பெண் 'ஆம்' என்று சொன்னதே போதுமாக இருந்தது. நீதிமன்றம் கேட்க நினைத்தால் கேட்கும்.

கடைசியாக, பதிவேடுகள். ஹேக் உடன்படிக்கையின் 30ஆம் உறுப்புரை, பிள்ளையின் பூர்வீகம் பற்றிய தகவலைப் பாதுகாக்கவேண்டும் என்கிறது. தாய் தகப்பன் யார், மருத்துவ வரலாறு என்ன என்பன. எண்பதுகளில் போன குழந்தைகள் இன்று நாற்பது வயதுக்காரர். தங்கள் பிள்ளைகளோடு வந்து வைத்தியசாலைகளிலும் பதிவாளர் கந்தோர்களிலும் விசாரிக்கிறார்கள். அவர்கள் கேட்பது சொத்தல்ல, குற்றம் சாட்டவும் வரவில்லை. தாயின் முகம் எப்படி, அவவுக்குச் சர்க்கரை வியாதி இருந்ததா, எனக்கு உடன்பிறப்பு உண்டா. பலருடைய தாள்களில் இருக்கும் பெயர் அன்று கூண்டில் நின்ற பெண்ணின் பெயர்.

இந்தச் சபையில் சிறுவர் இல்லங்களின் நிர்வாகசபைகளில் இருப்பவர்கள் சிலரைப் பார்க்கிறேன். உங்களிடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு பிள்ளையின் கோப்பிலும் தாயைப் பற்றி, அவளிடமே கேட்டு எழுதிய ஒரு முழு அறிக்கையாவது இருக்கட்டும். அவளுடைய ஊர், அவளுடைய தாய் தகப்பன், வீட்டு நோய்கள், அவள் ஏன் வந்தாள், யார் கூட்டி வந்தார்கள், என்ன உதவி கிடைத்திருந்தால் வந்திருக்கமாட்டாள் என்பன. அவள் பேசிய மொழியில், தமிழோ சிங்களமோ, அவளுடைய சொற்களில். சம்மதமென்றால் ஒரு படம். உப்புக்காற்றில் கடதாசி எத்தனை நாளைக்கு என்று உங்களுக்கே தெரியும், ஆகவே ஒரு பிரதி இல்லத்தில், ஒன்று மாகாணத் திணைக்களத்தில், ஒன்று கணினியில். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை, கொழும்பு அனுமதியும் வேண்டியதில்லை. படிவம் ஒன்றை நான் ஆயத்தம் செய்து கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. அதில் குறைகள் இருக்கும். நன்னடத்தை உத்தியோகத்தர்கள் பார்த்துத் திருத்தித் தந்தால் நல்லது. கேள்விகளுக்கு நேரம் விடவேண்டும் என்று தலைவர் சைகை காட்டுகிறார், நிறுத்திக்கொள்கிறேன்.